மகள் தோர்பெக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், என்ன செய்வது?

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் முப்பது வருடமாக நெதர்லாந்தில், ஸ்வோலே நகரில் இருக்கிறோம். மகள் லெய்டன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து முடித்துவிட்டாள். அரசமைப்புச் சட்டத் துறையில் நான்கு வருட ஆய்வாளர் வேலையும் அங்கேயே கிடைத்திருக்கிறது. பேராசிரியராக வருவாள் என்று நாங்கள் கனவு கண்டுகொண்டிருக்கும்போது, லெய்டனில் ஒரு கட்சி அவளை நகரசபைத் தேர்தலில் நிற்கச் சொல்லிக் கேட்டிருக்கிறது. அவளுக்கும் ஆசை. அவளுடைய அப்பா இரண்டு வாரமாக அவளோடு சரியாகப் பேசுவதில்லை. "படிப்பு வேறு, அரசியல் வேறு, இரண்டு தோணியில் கால் வைத்தால் கவிழ்ந்துவிடும்" என்கிறார். அவளைக் கேட்டால், "தோர்பெக்கும் சட்டப் பேராசிரியர்தானே அம்மா, அவர் இல்லாவிட்டால் இந்த நாடே இப்படி இருந்திருக்காது" என்கிறாள். இந்தத் தோர்பெக் யார்? அவர் கதை இவளுக்குப் பொருந்துமா? நாங்கள் தடுக்கலாமா, கூடாதா?

ஒரு தாய், ஸ்வோலே

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் முதலில் என் கண்ணில் பட்டது ஊரின் பெயர்தான். 1848இல் நெதர்லாந்தின் அரசமைப்பைத் திருத்தி எழுதிய குழுவின் தலைவர், சட்டப் பேராசிரியராக இருந்து அமைச்சரான யோகான் ருடோல்ஃப் தோர்பெக், 1798 ஜனவரி 14 அன்று பிறந்தது உங்கள் ஸ்வோலேயில். அவர் பெயரில் அங்கே ஒரு கால்வாய்க்கரை இருக்கிறது, ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. முப்பது வருடத்தில் அவரை நூறு தடவையாவது கடந்து போயிருப்பீர்கள்.

நான் இருபத்தெட்டு வருடம் அரசமைப்புச் சட்டம் கற்பித்தவன். நடுவில் ஒரு வருடம் ஆய்வுக்காக லெய்டனில் தங்கியிருந்தேன். அப்போதுதான் தோர்பெக்கை ஊன்றிப் படித்தேன். அதனால் உங்கள் கேள்விக்கு இரண்டு விதத்திலும் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகளைத் தடுக்காதீர்கள். ஆனால் ஆய்வு வேலையையும் கைவிட விடாதீர்கள். தோர்பெக் அரசியலில் சாதித்ததெல்லாம் அவர் மேசையில் உட்கார்ந்து எழுதிய வருடங்களின் பலன். மகள் சொல்லும் பாதிக் கதையோடு இந்தப் பாதியையும் சேர்த்துச் சொன்னால், வீட்டில் நடக்கும் சண்டை வேறு மாதிரி ஆகிவிடும்.

தோர்பெக்கின் குடும்பம் ஜெர்மனியிலிருந்து வந்த லூத்தரன் குடும்பம். புகையிலை வியாபாரம். அந்த வியாபாரம் நொடித்துப்போனது. அதன் பிறகு அப்பா தன் நம்பிக்கை முழுவதையும் மகன் படிப்பின் மேல் வைத்தார். புலம்பெயர்ந்த வீடுகளில் நாம் பார்க்கிற அதே கதைதான். உங்கள் கணவரின் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. அந்த அப்பாவுக்கும் புரிந்திருக்கும்.

இன்னொரு விஷயம் உங்களுக்கு வியப்பாக இருக்கும். சட்டப் பேராசிரியர் என்று பெயர் வாங்கிய இவர் 1820இல் லெய்டனில் முனைவர் பட்டம் பெற்றது இலக்கியத்தில். ரோமானிய எழுத்தாளர் அசினியஸ் போலியோவைப் பற்றிய ஆய்வு. பிறகு ஜெர்மனியில் சில வருடம் சுற்றினார். கீஸன், கோட்டிங்கன் பல்கலைக்கழகங்களில் இருந்தார். சட்டம் என்பது யாரோ ஒருநாள் உட்கார்ந்து எழுதிவிடுகிற விதி அல்ல, ஒரு மக்கள் கூட்டத்தின் வரலாற்றோடு சேர்ந்து வளர்கிற ஒன்று என்கிற சிந்தனை அப்போது அங்கே வலுவாக இருந்தது. அதை அவர் நன்றாக உள்வாங்கிக்கொண்டார்.

1825இல் கெண்ட் நகரப் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது. இன்றைய பெல்ஜியம் அப்போது நெதர்லாந்தோடு ஒரே முடியின் கீழ் இருந்தது. 1830இல் பெல்ஜியத்தில் புரட்சி வெடித்தது. வடக்கிலிருந்து வந்த பேராசிரியருக்கு அங்கே இடமில்லை. ஐந்து வருடம் கட்டிய வாழ்க்கையை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினார். 1831இல் லெய்டனில் மறுபடியும் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று.

இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

லெய்டன் வந்த புதிதில் தோர்பெக் சீர்திருத்தக்காரர் அல்ல. மன்னர் முதலாம் வில்லியமின் ஆட்சியோடு அவருக்குப் பெரிய சண்டை எதுவும் கிடையாது. அந்த ஆட்சி எப்படி நடந்தது என்று பாருங்கள். அமைச்சர்கள் மன்னருக்கு மட்டுமே பதில் சொன்னார்கள். செலவுக் கணக்கின் பெரும்பகுதிக்குப் பத்து வருடத்துக்கு ஒருமுறை நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வாங்கினால் போதும். கீழவைக்கு மக்கள் நேரடியாக ஆள் அனுப்ப முடியாது, மாகாண சபைகள்தான் தேர்ந்தெடுத்து அனுப்பின. மன்னர் ஆணை போட்டால் அது நடந்தது.

இந்த அரசமைப்புக்குத் தோர்பெக் விளக்க உரை எழுதத் தொடங்கினார். ஒவ்வொரு பிரிவாக எடுத்து, இது எங்கிருந்து வந்தது, என்ன சொல்கிறது, நடைமுறையில் என்ன ஆகிறது, பக்கத்துப் பிரிவோடு ஒத்துப்போகிறதா என்று வரிவரியாக எழுதினார். 1839இல் முதல் பதிப்பு வந்தது. அதில் குரல் தணிவாகத்தான் இருந்தது. 1841க்கும் 1843க்கும் இடையில் இரண்டு தொகுதிகளாகத் திருத்திய பதிப்பு வந்தபோது, எழுதியவர் வேறு ஆளாக மாறியிருந்தார். இந்தப் பிரிவு இப்படி இருக்கக் கூடாது, அந்தப் பிரிவு அதன் பக்கத்துப் பிரிவையே செல்லாக்காசாக்குகிறது என்று நேராகவே சொல்கிறார்.

நாட்டு நடப்பும் அவரை மாற்றியிருக்கும், சந்தேகமில்லை. பெல்ஜியம் பிரிந்துபோனது, அரசின் கடன் பெருகியது, 1840இல் மன்னர் முடி துறந்தார். ஆனாலும் ஒரு சட்டத்தை வரிவரியாகப் பிரித்துப் பார்க்கிற வேலையே ஒருவரைச் சீர்திருத்தக்காரராக்கும் என்பதற்கு இந்த இரண்டு பதிப்புகளைவிட நல்ல சான்று நான் பார்த்ததில்லை. மாணவர்களுக்கு அரசமைப்புச் சட்டம் எடுத்த காலத்தில் எனக்கே அது நடந்திருக்கிறது. பத்து வருடம் ஒரே பிரிவைப் பாடமாக நடத்தியபோதும் கண்ணில் படாத ஓட்டை, அதைப் பற்றி ஒரு பத்தி எழுத உட்கார்ந்தபோது தெரிந்தது. உங்கள் மகளுக்கு இப்போது கிடைத்திருக்கிற நான்கு வருடம் அந்த வகை வேலைக்கானது. இன்னொரு முறை கிடைப்பது கஷ்டம்.

மகள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. தோர்பெக் பேராசிரியராக இருந்துகொண்டேதான் நாடாளுமன்றத்துக்கும் போனார். 1840இல் அரசமைப்புத் திருத்தத்துக்காக உறுப்பினர் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கிக் கீழவையைக் கூட்டியபோது சில வாரம் உறுப்பினராக இருந்தார். அந்தத் திருத்தம் போதாது என்று வாதாடினார். 1844இல் முழு உறுப்பினராகவே போனார். லெய்டனுக்கும் நாடாளுமன்றம் இருக்கும் டென் ஹாக்குக்கும் (தி ஹேக்) நடுவே 1843 டிசம்பரிலேயே ரயில் வந்துவிட்டது என்பதையும் உங்கள் கணவரிடம் சொல்லிவையுங்கள், இரண்டு ஊரிலும் கால் வைப்பது அந்தக் காலத்திலேயே நடக்காத காரியம் அல்ல.

1844 டிசம்பரில் தோர்பெக்கும் இன்னும் எட்டு உறுப்பினர்களும் சேர்ந்து முழு அரசமைப்பையும் திருத்தி எழுதி ஒரு முன்மொழிவு வைத்தார்கள். ஒன்பது பேரின் முன்மொழிவு என்றே அதற்குப் பெயர். 1845இல் அது தோற்றது. அதோடு போகவில்லை, அந்த வருடமே மாகாண சபை அவரை மறுபடி தேர்ந்தெடுக்கவும் மறுத்துவிட்டது. நாற்பத்தேழு வயதில் முன்மொழிவும் போய், பதவியும் போய் வகுப்பறைக்குத் திரும்பினார். திரும்புவதற்கு வகுப்பறை இருந்தது. இதை மகளிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

அப்புறம் 1848 வந்தது. பிப்ரவரியில் பாரிஸில் புரட்சி. பிரான்ஸ் மன்னர் ஓடிப்போனார். மார்ச்சில் ஜெர்மன் நாடுகளிலும் தெருவில் கூட்டம். டென் ஹாக்கில் மன்னர் இரண்டாம் வில்லியம் பயந்துவிட்டார். தன் அமைச்சர்களிடம்கூடச் சொல்லாமல், மார்ச் 13 அன்று கீழவைத் தலைவரை அழைத்துப் பெரிய திருத்தத்துக்குத் தயார் என்றார். இருபத்து நான்கு மணி நேரத்தில் தீவிரப் பழமைவாதியாக இருந்தவன் தீவிர தாராளவாதியாக மாறிவிட்டேன் என்று வெளிநாட்டுத் தூதர்களிடம் அவரே சொன்னதாகச் சொல்வார்கள். மார்ச் 17 அன்று ஐந்து பேர் கொண்ட குழு அமைந்தது. அதன் தலைவர் தோர்பெக்.

ஏப்ரல் 11 அன்று குழு அறிக்கையைக் கொடுத்துவிட்டது. இருபத்தைந்து நாள். ஒரு நாட்டின் அரசமைப்பை இருபத்தைந்து நாளில் எழுதுவதா என்று கேட்பவர்கள் உண்டு. இருபத்தைந்து நாளில் எழுதவில்லை. 1839இலிருந்து அவர் மேசையில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. 1844இல் தோற்றுப்போன அந்த முன்மொழிவிலிருந்து நிறைய வந்தது. ஐரோப்பா முழுக்க மன்னர்கள் நடுங்கிக்கொண்டிருந்த அந்தச் சில வாரம் மட்டுமே கதவு திறந்திருந்தது. அப்போது கையில் தாள் வைத்திருந்தவர் அவர்தான். என்ன வேண்டும் என்று அப்போதுதான் யோசிக்க உட்கார்ந்திருந்தால், கதவு மூடியிருக்கும்.

அந்தத் தாளில் ஒரு வரி உண்டு. மன்னரைக் குற்றத்துக்கு உள்ளாக்க முடியாது, அமைச்சர்களே பொறுப்பு. டச்சு மொழியில் எட்டுச் சொற்கள். பார்த்தால் மன்னருக்கு மரியாதை செய்கிற வரி போலத் தெரியும். வேலை செய்யும் விதமே வேறு. மன்னர் பொறுப்பேற்க முடியாது என்றால், பொறுப்பேற்கிற ஒருவரின் கையெழுத்து இல்லாமல் அவரால் எதுவும் செய்ய முடியாது. கையெழுத்துப் போடுகிறவர் நாடாளுமன்றத்தில் வந்து பதில் சொல்ல வேண்டும். பதில் பிடிக்காவிட்டால் அவர் போக வேண்டியதுதான். இப்படி மன்னரை உயர்த்தி வைத்த இடத்திலேயே அதிகாரம் அவர் கையிலிருந்து நழுவிவிட்டது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அந்த வரி இன்றைய டச்சு அரசமைப்பிலும் இருக்கிறது. உங்கள் மகளுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும், சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

இதோடு கீழவைக்கு நேரடித் தேர்தல் வந்தது. ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கு, மசோதாவைத் திருத்தும் உரிமை, விசாரணை நடத்தும் உரிமை, கூட்டம் கூடும் உரிமை, சங்கம் வைக்கும் உரிமை எல்லாம் வந்தன. 1848 நவம்பர் 3 அன்று புதிய அரசமைப்பு அறிவிக்கப்பட்டது.

இத்தனை செய்தவரை மன்னர் அந்த அமைச்சரவையில் சேர்க்கவில்லை. குழுவில் இருந்த டோங்கர் கர்ட்டியஸ் நீதி அமைச்சரானார், அவர்தான் அதை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றிக் கொடுத்தார். எழுதியவர் வெளியே நின்றார். அவருக்கு வலித்திருக்கும். ஆனாலும் காத்திருந்தார். 1849 நவம்பர் 1 அன்று, ஐம்பத்தோரு வயதில், உள்துறை அமைச்சராக அரசின் தலைமைக்கு வந்தார். பிரதமர் என்ற பதவிப் பெயர் அப்போது அங்கே கிடையாது.

உங்கள் திட்டம் என்ன என்று நாடாளுமன்றத்தில் கேட்டார்கள். "எங்கள் செயல்களுக்குக் காத்திருங்கள்" என்றார். காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது 1850இல் தேர்தல் சட்டமும் மாகாணச் சட்டமும், 1851இல் நகரசபைச் சட்டமும். அதற்கு முன் நகரங்களுக்கு ஒரு விதி, கிராமங்களுக்கு ஒரு விதி. இவர் எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம் கொண்டுவந்தார். தேர்ந்தெடுத்த சபை, அதன் கூட்டம் மக்கள் பார்க்கத் திறந்திருக்க வேண்டும், மேயரை மட்டும் அரசு நியமிக்கும். அந்தச் சட்டம் திருத்தங்களோடு 1994 வரை நடைமுறையில் இருந்தது. நாடு, மாகாணம், நகரசபை என்கிற மூன்றடுக்கு அமைப்பை டச்சுக்காரர்கள் இன்றும் தோர்பெக்கின் வீடு என்றுதான் சொல்கிறார்கள். உங்கள் மகள் நிற்கப்போவது அந்த வீட்டின் கீழ்த்தளத்தில். அவள் தோர்பெக்கைச் சொன்னது சும்மா வாய்க்கு வந்து சொன்னதல்ல, சகோதரி.

விழுந்ததையும் சொல்ல வேண்டும். 1853 மார்ச்சில் போப் ஒன்பதாம் பயஸ், நெதர்லாந்தில் கத்தோலிக்க ஆயர் பீடங்களை மறுபடி நிறுவினார், உட்ரெக்டில் பேராயர். புராட்டஸ்டண்ட் மக்கள் கொதித்தார்கள். எதிர்ப்பு மனுக்களுக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கையெழுத்து சேர்ந்தது. தோர்பெக் கத்தோலிக்கர் அல்ல. ஆனால் எந்தச் சமயமும் தன்னைத் தானே அமைத்துக்கொள்ளலாம், அதில் அரசுக்கு வேலையில்லை என்று அவர் எழுதிய அரசமைப்பே சொன்னது. அவர் அதிலிருந்து ஓர் அங்குலம் நகரவில்லை. ஏற்கெனவே அவரைப் பிடிக்காத மன்னர் மூன்றாம் வில்லியம், ஆம்ஸ்டர்டாமில் மனு கொடுத்தவர்களிடம் அவர்கள் பக்கம் சாய்வது போலப் பேசினார். ஏப்ரல் 19 அன்று அமைச்சரவை போனது. மறுபடி பதவிக்கு வர ஒன்பது வருடம் ஆனது.

சிறுபான்மையாக வாழ்கிற நமக்கு இந்த ஏப்ரல் மாதம் முக்கியமானது என்று எனக்குத் தோன்றும். கூட்டம் எதிர்ப்பக்கம் நின்றபோது, தன் சமயத்தைச் சேராதவர்களின் உரிமைக்காகப் பதவியை இழந்தவர் அவர். அவர் பெயரை மேற்கோள் காட்டுகிறவருக்கு இந்த நாள் ஒருநாள் வரும். மகளிடம் இதைக் கேளுங்கள்: லெய்டனில் அவளுக்கு ஓட்டுப் போட்ட கூட்டமே தவறான பக்கம் நின்றால் என்ன செய்வாள்?

1862இலிருந்து 1866 வரை இரண்டாம் முறை. அந்தக் காலத்துச் சட்டங்களை வேகமாகச் சொல்கிறேன். ஆம்ஸ்டர்டாமுக்கும் ராட்டர்டாமுக்கும் கடலோடு புதிய நீர்வழி வெட்ட 1863இல் சட்டம். அதே வருடம் இடைநிலைக் கல்விச் சட்டம். லத்தீனும் கிரேக்கமும் இல்லாமல் கணிதம், அறிவியல், நவீன மொழிகள் சொல்லிக்கொடுக்கும் ஐந்து வருடப் பள்ளிகள் அதனால்தான் வந்தன. பிறகு நோபல் பரிசு வாங்கிய லோரன்ட்ஸ், சீமான், வான்ட் ஹாஃப், கமர்லிங் ஓன்னஸ் எல்லோரும் அந்தப் பள்ளிகளில் படித்தவர்கள்.

அவருடைய அமைச்சரவைக் காலத்தில்தான் டச்சுக் காலனிகளான சூரினாமிலும் கரீபியத் தீவுகளிலும் அடிமைமுறை ஒழிந்தது, 1863 ஜூலை 1. ஆனால் சூரினாமில் தலைக்கு 300 கில்டர் (அந்தக் காலத்து டச்சு நாணயம்) இழப்பீடு போனது அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. விடுதலையானவர்களில் பெரும்பாலோர் இன்னும் பத்து வருடம் அரசின் கண்காணிப்பில் ஒப்பந்தக் கூலிகளாக உழைக்க வேண்டியிருந்தது. டச்சு வீட்டுக்குள் இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த கண், கடலுக்கு அப்பால் அப்படிப் பார்க்கவில்லை. அவரை மதிக்கிறவன் என்றாலும் இதை மறைத்து என்னால் எழுத முடியாது.

சரி, வீடு. நீங்கள் வெளிப்படையாகக் கேட்கவில்லை, ஆனால் உங்கள் பயம் அதுதான் என்று நினைக்கிறேன். 1836இல் அவர் அடெல்ஹைட் சோல்கரை மணந்தார், அவரைவிடப் பத்தொன்பது வயது இளையவர், ஜெர்மன் தத்துவப் பேராசிரியர் ஒருவரின் மகள். வெளியில் இறுகிய முகம், நாடாளுமன்றத்திலும் வகுப்பெடுப்பது போலப் பேசுகிறார் என்ற குறை. வீட்டுக்குள் அந்த மனைவிதான் அவருக்கு எல்லாம். 1870இல் அடெல்ஹைட் இறந்தார். அடுத்த ஜனவரியில், எழுபத்து மூன்றை நெருங்கிய வயதில், மூன்றாம் முறை பொறுப்பேற்றார். அரசியல் அவர் குடும்பத்தைச் சிதைக்கவில்லை. ஆனால் நட்புகளைத் தின்றது. இளமையில் லெய்டனில் நெருங்கிய க்ரூன் வான் பிரின்ஸ்டெரெர், பிறகு நாடாளுமன்றத்தில் அவருடைய மிகப் பெரிய எதிரணிக் குரலானார். உங்கள் மகளுக்கும் சில நண்பர்கள் குறைவார்கள். அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளட்டும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம்.

1871இல் க்ரோனிங்கன் மாகாணத்தில், கிராமத்து மருத்துவர் ஒருவரின் பதினேழு வயது மகள் அமைச்சருக்கு ஒரு கடிதம் எழுதினாள். பெயர் அலெட்டா யாக்கப்ஸ். பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்க அனுமதி வேண்டும் என்று. நெதர்லாந்தில் அதுவரை ஒரு பெண்ணும் முறையாகப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படித்ததில்லை. பதில் வந்தது, ஆனால் பெண்ணின் பெயருக்கு அல்ல, அப்பாவின் பெயருக்கு. அந்தக் காலத்துக் கிழவர், பெண்ணுக்கு நேரடியாக எழுதத் தோன்றவில்லை. உறைக்குள் இருந்தது அனுமதி. ஒரு வருடம் சோதனையாகப் படிக்கலாம். அந்த வருடம் முடிந்தது. தொடர்ந்து படிக்கவும் தேர்வு எழுதவும் ஒப்புதல் கிடைத்தபோது தோர்பெக் படுக்கையில் இருந்தார். சில நாளில், 1872 ஜூன் 4 அன்று, அமைச்சராகவே டென் ஹாக்கில் இறந்தார்.

கதை அங்கே முடியவில்லை. தோர்பெக்கின் ஏற்பாட்டில் ஓட்டுரிமை வரி கட்டுகிறவர்களுக்கு மட்டும். ஊரைப் பொறுத்து 20 கில்டரிலிருந்து 160 கில்டர் வரை நேரடி வரி கட்ட வேண்டும். வயது வந்த ஆண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத்தான் ஓட்டு. 1844இல் அவரே ஒரு கட்டுரையில், எல்லோருக்கும் ஓட்டு என்பதை நோக்கித்தான் காலம் போகிறது என்று எழுதியிருந்தார். சட்டத்தில் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தில் ஆண் என்ற சொல்லும் இல்லை. பெண் ஓட்டுக் கேட்டு வருவாள் என்று யாருக்கும் தோன்றாததால் எழுதவில்லை. 1883இல் மருத்துவர் அலெட்டா யாக்கப்ஸ் ஆம்ஸ்டர்டாமில் போய்ச் சொன்னார்: நான் அந்த அளவு வரி கட்டுகிறேன், பட்டியலில் என் பெயரைச் சேருங்கள். மறுத்தார்கள். வழக்காடினார், தோற்றார். 1887இல் அரசமைப்பைத் திருத்தியபோது ஆண் என்ற சொல்லை அவசரமாகச் சேர்த்தார்கள். பெண்களுக்கு ஓட்டு 1919இல்தான் கிடைத்தது, அந்தப் போராட்டத்தின் முன்வரிசையில் நின்றவரும் இந்த அலெட்டாதான்.

சட்டத்தை வரிவரியாகப் படிக்கிற ஒரு பேராசிரியர் விட்டுப்போன இடத்தை, அவர் கதவு திறந்துவிட்ட ஒரு பெண் வரிவரியாகப் படித்துக் கண்டுபிடித்தாள். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் கொஞ்சம் தடுமாறும்.

இனி நடைமுறை. நகரசபை உறுப்பினர் வேலை முழுநேர வேலை அல்ல. கூட்டங்கள் பெரும்பாலும் மாலையில். ஆனால் படித்துவிட்டுப் போக வேண்டிய தாள்கள் குவியும், வார இறுதிகள் போகும். உறுப்பினராகக் கூட்டத்துக்குப் போக முதலாளியிடம் ஊதியமில்லா விடுப்புக் கேட்கும் உரிமை டச்சுச் சட்டத்தில் இருக்கிறது. அதனால் ஆய்வு வேலையை விட வேண்டிய அவசியமே இல்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஆய்வு நெறியாளரிடம் நேராகப் பேசிவிடட்டும், பின்னால் தெரிந்து சங்கடப்பட வேண்டாம்.

எந்த ஊர்ச் சபையில் இருக்கிறாளோ அந்த ஊரில் குடியிருக்க வேண்டும். லெய்டனில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வருடத்தில் வீட்டுக்கே திரும்பி வரும் எண்ணம் இருந்தால், லெய்டனில் நிற்பதில் அர்த்தமில்லை.

கட்சியிடம் ஒரு கேள்வி கட்டாயம் கேட்கட்டும்: பட்டியலில் எத்தனையாவது இடம்? லெய்டன் அளவு ஊருக்குச் சபையில் 39 இடம். ஒரு கட்சிக்கு நான்கைந்து இடம் கிடைக்கிற நிலையில் இருபதாவது பெயராகப் போட்டால், தமிழ் முகம் ஒன்று பட்டியலில் இருக்கட்டும் என்று கேட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். தனி விருப்ப வாக்கு, அதாவது அவள் பெயருக்கே விழும் வாக்கு, நிறையப் பெற்றால் பட்டியலைத் தாண்டி மேலே வரலாம், அப்படி வந்தவர்கள் உண்டு. ஆனாலும் எந்த எண்ணத்தில் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

இணையத்தில் வசவு வரும். பெண், நிறம், பெயர் மூன்றையும் வைத்து வரும். உங்கள் பயம் நியாயமானது, அதை வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். மிரட்டல் வந்தால் யாரிடம் சொல்வது என்று சபையின் செயலகத்திலும் கட்சியிலும் முன்கூட்டியே கேட்டுவைக்கட்டும்.

அவளுடைய ஆய்வுத் தலைப்பு என்ன என்று நீங்கள் எழுதவில்லை. அது நகரசபை அதிகாரம் சம்பந்தமாக இருந்தால், சபையில் உட்காருகிற ஒவ்வொரு மாலையும் ஆய்வுக்கு உரம். வேறு ஏதாவது என்றால், முதல் வருடம் ஆய்வில் நன்றாகக் கால் ஊன்றிவிட்டு, அடுத்த தேர்தலுக்குக் காத்திருப்பதையும் யோசிக்கலாம். நகரசபைத் தேர்தல் நான்கு வருடத்துக்கு ஒருமுறை வருகிறது. தோர்பெக் ஐம்பத்தோரு வயதில்தான் அமைச்சரானார். முடிவை அவளே எடுக்கட்டும்.

உங்கள் கணவருக்கு ஒன்று. அவர் மகளோடு பேச வேண்டும், இன்று மாலையே. அதற்கு அப்புறம் ஒருநாள் நீங்கள் இருவரும் ஸ்வோலே நகரசபைக் கூட்டம் ஒன்றுக்குப் போங்கள். முன்பதிவோ குடியுரிமையோ கேட்கமாட்டார்கள், பார்வையாளர் இருக்கையில் போய் உட்காரலாம். சைக்கிள் பாதைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ பணம் ஒதுக்குவதைப் பற்றி யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள். உங்கள் மகள் செய்ய ஆசைப்படுவது அந்த வேலைதான். அவர் ஒருமுறை நேரில் பார்க்கட்டும். பார்த்துவிட்டு வந்து அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.